பெட்டி மேல் எழுதிய தேதி

நம் செல்போன் கடைக்காரர்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். எழுதுகிறேன், ஆனால் கைகூப்பிய படம் போட்டு நாலு வரி வாழ்த்துச் சொல்கிற ஆள் நானில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. அதோடு நான் அசிங்கப்பட்ட கதையும் சேர்ந்தே வருகிறது. பரவாயில்லை. சின்ன ஆள் அசிங்கப்பட்டால் ஊர் மறந்துவிடும். என்னைப் போன்ற ஆள் பட்டது உங்கள் மனதில் நிற்கும்.

படிப்பு ஆறாம் வகுப்பு. அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் சுவர்தான். ஜெயங்கொண்டத்தில் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ஒருவரிடம் பிரஷ் கழுவப் போய், இரண்டே வருடத்தில் அவரைவிட நன்றாக எழுதினேன். இதை அவரே ஒத்துக்கொண்டார். சிமெண்ட், உரம், பனியன், தேர்தல் சின்னம், எல்லாம் என் கை. மீன்சுருட்டி ரோட்டில் ஒரு மதகுச் சுவரில் என்னுடைய 'ழ' இன்னும் அழியாமல் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அந்தச் சுழியை இன்றைய கம்ப்யூட்டரில் யாராவது போட்டுக் காட்டட்டும். பிளெக்ஸ் வந்து பிழைப்பைப் பிடுங்கியபோது நான் உட்கார்ந்து அழவில்லை. டெலிபோன் பூத் வைத்தேன். பூத் படுத்தது, ரீசார்ஜ் கார்டு விற்றேன். கார்டு படுத்தது, செல்போன் கடை போட்டேன். ஜெயங்கொண்டத்தில் ஒன்று, அரியலூரில் ஒன்று, பெரம்பலூரில் ஒன்று. பெரம்பலூர்க் கடை திறந்த அன்று கூட்டத்தில் பஸ் திரும்ப முடியாமல் நின்றது. கண்ணால் பார்த்தவர்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி இருந்த எனக்கு எதிரிலேயே ஒரு கடை வந்தது.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு ரோட்டில், என் கடைக்கு நேர் எதிர்ப்பக்கம், தையல் மிஷின் வைத்திருந்த ஒரு பத்தடி இடம். வரதராஜன்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டவர், அங்கே செல்போன் கடை போட்டார். ஊரில் எல்லாரும் டீச்சர் என்பார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை என்னவென்றால், எழுதினால் அது மலரில் என் பெயர் வருகிற அதே பக்கத்தில் வந்துவிடும்.

என் கடையில் சுவர் முழுக்க போன். அவர் கடையில் எண்ணி ஆறே மாடல். அதில் ஒன்றும் விலை கூடினது கிடையாது. என் கடையில் ஏ.சி. அவரிடம் ஒரு டேபிள் ஃபேன், அதுவும் வந்தவர்கள் பக்கம் திருப்பி வைத்திருப்பார். ஒரு மாதம் தாங்காது என்று நான் பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். மாதம் போனது. அவர் தாங்கினார். எனக்குத்தான் தாங்கவில்லை.

அவர் செய்ததெல்லாம் இதுதான். போன் கேட்டு வருகிறவரை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். யார் பயன்படுத்தப் போகிறார்கள், எதற்கெல்லாம் பயன்படுத்தப் போகிறார்கள், எத்தனை வருடம் வைத்திருக்க நினைக்கிறார்கள். பிறகு ஒரு போனை எடுத்துக் கொடுத்து, பெட்டியின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு மாதமும் வருடமும் எழுதுவார். அந்த மாதம் வரைக்கும்தான் அந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் போனில் பேங்க் வேலை பார்க்க வேண்டாம், பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவார். விற்கிறவளே இது இத்தனை நாளைக்குத்தான் என்று எழுதித் தருகிறாள், இதைப் போய் ஜனங்கள் வாங்குகிறார்களே என்று எனக்குப் புரியவே இல்லை.

அதைவிட வயிறு எரிந்தது அந்தக் கையெழுத்தைப் பார்த்து. ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஊரெல்லாம் சுவரில் எழுதிய என் கண் முன்னால் அந்தக் கோணல் எழுத்தைப் பெட்டியோடு கைக்குள் அணைத்துக்கொண்டு ஜனங்கள் பஸ் ஏறிப் போனார்கள். மறைக்காமல் சொல்கிறேன். என் கடை வாசலில் திருட்டுக்காக வைத்திருந்த கேமராவை நான் எதிர்க்கடையைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த டி.வி.யில் நாள் முழுக்க அவர் கடை வாசல்தான் ஓடும். யார் நுழைகிறார்கள், யார் பெட்டியோடு வருகிறார்கள், எல்லாம் பார்ப்பேன். மத்தியானம் சோறு இறங்காது.

என் கடைக்கும் ஒரு பேர் இருந்தது. என்னிடம் வாங்கிய போன் திரும்பி வராது என்பார்கள். அதற்குக் காரணம் நான் கண்டுபிடித்த ஒரு செட்டிங். முன்பு ஒரு சமயம், கங்கைகொண்ட சோழபுரத்துப் பால்காரர் ஒருவர் போனில் அப்டேட் போட்டு, பாதியில் கரண்டும் போய் சார்ஜும் தீர்ந்து, கம்பெனி பேர் மட்டும் மின்னிக்கொண்டு நின்றுவிட்டது. பொங்கலுக்கு முதல் நாள், கடை நிறையக் கூட்டம். அந்த ஆள் போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பாதிக் கூட்டம் வெளியே போனது. அன்றைக்கு முடிவு செய்தேன். என் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு போனிலும் அப்டேட்டை நானே நிறுத்தித்தான் கொடுப்பேன். வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம். நெட் தீராது, இடம் அடைக்காது, போன் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். இதற்கு நான் காசு வாங்கியதில்லை. சேவையாகவே செய்தேன். என் சொந்தப் போனிலும் அப்படித்தான். நாலு வருடம் ஒரு அப்டேட் போடாமல் ஓட்டினேன், அதைப் பெருமையாக எல்லாரிடமும் காட்டுவேன்.

அந்த நாட்களில்தான் தா.பழூரிலிருந்து வசந்தா வந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிற பெண். புருஷன் இல்லை. ஒரே மகள் சுகன்யா, பன்னிரண்டாம் வகுப்பு. மகள் படிப்புக்கு ஒரு போன் வேண்டும், அதிக விலை முடியாது என்றது. நான் ஸ்டாக் ரூமிலிருந்து ஒன்றை எடுத்தேன். பெட்டி பிரிக்காத போன். ஆனால் மாடல் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. திருச்சியில் மொத்தமாகத் தள்ளிவிட்டதை நான் அள்ளி வந்திருந்தேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும், கேமரா பெரிது, விலை குறைவு.

வசந்தா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அண்ணே, எதுத்த கடையில பொட்டி மேல ஏதோ தேதி எழுதித் தர்றாங்களாமே. நீங்க எழுத மாட்டீங்களா?"

தம்பிகளே, இந்த இடத்தில் அந்தப் பெண் கேட்டது ஒரு வாடிக்கையாளர் கேட்கிற நியாயமான கேள்வி. நான் பதில் சொன்னது வசந்தாவுக்கு இல்லை, எதிர்க்கடைக்கு. போன் என்ன மாத்திரையா, காலாவதி தேதி போட, அது விலை கூட உள்ளதைத் தலையில் கட்டுகிற தந்திரம் என்றேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். கை நிற்கவில்லை. மார்க்கரை எடுத்தேன். பெட்டியின் மேல் 'ஆயுசுக்கும்' என்று எழுதினேன். சும்மா எழுதவில்லை. சுவரில் எழுதுகிற மாதிரி, எழுத்துக்குப் பக்கவாட்டில் நிழல் கொடுத்து, கீழே ஒரு வளைவு இழுத்து. கடையில் இருந்தவர்களெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்தது. எழுத்து நல்லாயிருக்குண்ணே என்று சொல்லிப் பெட்டியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனது. நான் டி.வி.யைப் பார்த்தேன். எதிர்க்கடை வாசலில் யாரும் இல்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஆடி முடிகிற நேரம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேர் நேரில் வருவதில்லை, போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு நாள் காலை என் போனுக்கு, எனக்குச் சரக்குப் போடுகிற ஒருவரின் நம்பரிலிருந்து, கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வந்தது. பத்திரிகையைத் திறக்காமல் விட்டால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? திறந்தேன். படம் வரவில்லை. என்னவோ அனுமதி கேட்டது, சரி சரி என்று அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் கெட்டுப்போன பத்திரிகையை அனுப்பிவிட்டார் போல என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அது பத்திரிகை இல்லை. திருட்டு ஆப். என் போனுக்குள் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வருகிற மெசேஜைத் திருடி மறைத்துவிட்டு, நான் சேர்த்து வைத்திருந்த வாடிக்கையாளர் நம்பர் அத்தனைக்கும் அதே பத்திரிகையை என் பெயரிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. என் பெயரில் வந்தால் யார் திறக்க மாட்டார்கள்? இருபது வருடம் சேர்த்த பெயர் அது. அன்று காலை அந்தப் பெயர்தான் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டியது.

பன்னிரண்டு மணிக்குள் கடை நிரம்பிவிட்டது. மெசேஜ் வரவில்லை என்கிறார் ஒருவர். தன் நம்பரிலிருந்து மச்சானுக்குப் பத்திரிகை போய்விட்டது, கல்யாணமே இல்லாத வீடு என்கிறார் இன்னொருவர். உடையார்பாளையத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் யாருக்குக் கல்யாணம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு மொய்க் கவரோடு நின்றார். எத்தனை மாதமாக நான் ஆசைப்பட்ட கூட்டம். டி.வி.யில் பார்த்தேன். எதிர்க்கடை காலி. அந்த அம்மா தனியாக உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் வாங்கியவர்களுக்கும் பத்திரிகை போயிருக்கும், என் நம்பர் பட்டியலில் அவர்களும் பாதிப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் வரவில்லை. அது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு மணி சுமாருக்கு வசந்தா மகளோடு வந்தது. தா.பழூர் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மகள் கையில் அந்தப் பெட்டி. உள்ளே போன்.

"ஒங்க வூட்டுல கலியாணம்னு நெனச்சிட்டேண்ணே. யாருக்குன்னு பாக்கத்தான் தொறந்தேன். தொறக்கலன்னதும் மூணு வாட்டி அமுக்குனேன்."

சுகன்யா அழுகையை அடக்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னது. கவுன்சலிங்கில் பெரம்பலூர்ப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் இடம் வந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன் என்று உறுதி செய்ய இன்று சாயந்திரம் ஐந்து மணிதான் கடைசி. உறுதி செய்ய ஓ.டி.பி. வர வேண்டும். அது அம்மாவின் நம்பருக்குத்தான் வரும், அந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது. காலையிலிருந்து எட்டு முறை கேட்டும் வரவில்லை. ஐந்து மணி தாண்டினால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

"மாமா, இந்த எடம் போச்சுன்னா எனக்கு அடுத்து ஒண்ணுமில்ல."

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போன் கெட்டால் அழித்துப் புதிதாக்கிவிடலாம் என்பது மட்டும் தெரியும். அழித்தால் அந்தத் திருட்டு ஆப் போகுமா, அழித்த பிறகு மெசேஜ் வருமா, அழிக்கிறதற்குள் மணி என்ன ஆகும், எதுவும் தெரியாது. யாருக்குத் தெரியும் என்பது தெரியும். முப்பதடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போயிருந்தால் ஒரு நிமிடம். நான் போகவில்லை. கூட்டத்தின் நடுவே, இத்தனை பேர் பார்க்க, அந்த ரோட்டைத் தாண்டுவதா? பார்த்துவிடலாம் என்று போனை வாங்கி எதையெதையோ அமுக்கினேன். அணைத்தேன், போட்டேன். பேட்டரியைக் குறை சொன்னேன். டவரைக் குறை சொன்னேன். வசந்தா மணியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு முழு மணி நேரம் அந்தப் பிள்ளையின் நேரத்தை நான் என் வீம்புக்குத் தின்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இதுதான் பெரிது. பத்திரிகையைத் திறந்தது இரண்டாவதுதான்.

மூன்றேகால் ஆகியிருந்தது. சுகன்யா மேஜையிலிருந்து போனை எடுத்தது. பெட்டிக்குள் வைத்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனது. டி.வி.யில் பார்த்தேன். இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டுகிறார்கள். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நானும் போனேன். உதவி கேட்கப் போனேன் என்று எழுதலாம், யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் அந்த அம்மாவுக்கும் வழி தெரியாது என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் நான் போனேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது.

பெட்டியை வாங்கினார். மேலே எழுதியிருந்ததைப் படித்தார். என்னைப் பார்த்தார். பெட்டியை எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து வைத்தார். சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அதற்கும் வழி விடவில்லை.

போனை அணைத்தார். சிம்மை உருவினார். என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒங்க கடையில பட்டன் போன் இருக்குமே, ஒண்ணு எடுத்துட்டு வாங்க. எங்கிட்ட இல்ல" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"பட்டன் போன்ல எந்தத் திருட்டு ஆப்பும் ஏறாதுண்ணே. அதுக்கு அந்தளவு அறிவு கெடையாது. ஓ.டி.பி. மட்டும் வரும். நமக்கு அது போதும்."

என் கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது பட்டன் போன். ஒரு மணி நேரம் நான் தலைக்கு மேலே அதை வைத்துக்கொண்டுதான் டவரைக் குறை சொல்லியிருக்கிறேன். ஓடிப் போய் எடுத்து வந்தேன். ஆமாம், ஓடினேன். இந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு ரோட்டில்.

சிம்மை அதில் போட்டார். போட்டதும் அந்த நம்பருக்கு வருகிற அழைப்பு வேறு எங்கேயாவது திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். திருப்பிவிடப்பட்டிருந்தது. அதை ரத்து செய்தார். தன் லேப்டாப்பை சுகன்யா பக்கம் நகர்த்தினார். ஓ.டி.பி. கேட்டார்கள். நாலு பேரும் அந்தப் பட்டன் போனின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் தடவை வரவில்லை. முக்கால் மணி நேரம் விட்டு விட்டு மறுபடி மறுபடி கேட்டார்கள். டிக் என்று ஒரு சத்தம். சுகன்யா எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தது. திரையில் உறுதி செய்யப்பட்டது என்று வந்தபோது நாலரைக்கு மேல் ஆகியிருந்தது. வசந்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதோடு சேர்ந்து, அதை அவர் செய்தாரே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனதுக்குள் இருக்க முடியும். இருந்தது.

எதிர்க்கடை ஏன் காலியாக இருந்தது என்று அப்போதுதான் கேட்டேன். அவர் விற்ற போன்களில் அந்தப் பத்திரிகையைத் திறந்ததும் சிவப்பாக எச்சரிக்கை வந்து நிறுத்திவிட்டதாம். காலையிலேயே இரண்டு மூன்று பேர் அவருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். புதுப் போன் என்றால் எதுவும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம், எச்சரிக்கையையும் மீறி அமுக்கினால் எந்தப் போனும் காப்பாற்றாது என்றும் சொன்னார். என் போனில் ஏன் எச்சரிக்கை வரவில்லை என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரன் மாசா மாசம் ஓட்டையக் கண்டுபிடிச்சி அடைச்சி அனுப்புறான். அதான் அப்டேட். நாம அத நிறுத்தி வச்சா, எந்த ஓட்டை அடைக்காம கெடக்குன்னு திருடனுக்கு நல்லாத் தெரியும். போன் வச்சிருக்கவங்களுக்குத்தான் தெரியாது" என்றார். பிறகு, "ஒங்க போன இன்னும் அணைக்கலியா?" என்று கேட்டார்.

அணைக்கவில்லை. என் பாக்கெட்டில் அது அந்த நிமிடம் வரைக்கும் என் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அது என் சொந்த மூளை. என் போனை அணைத்துவிட்டு, கடை போனிலிருந்து ஆடித் தள்ளுபடிக்கு நான் பிடிக்கிற மைக் ஆட்டோவைக் கூப்பிட்டேன். ரெக்கார்டு பண்ண நேரமில்லை, நானே உள்ளே உட்கார்ந்து மைக்கைப் பிடித்தேன். தா.பழூர் வரைக்கும் ஒரு பக்கம், மீன்சுருட்டி வரைக்கும் ஒரு பக்கம். "எங்க வூட்டுல கலியாணம் இல்ல, எங்கிட்ட இருந்து வந்த பத்திரிகையத் தொறக்காதீங்க, தொறந்தவங்க போன அணைச்சிட்டு உடனே சிம்மைக் கழட்டிட்டு வாங்க, பட்டன் போன் நான் தர்றேன்." டீக்கடைகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், கல்யாணம் நின்னு போச்சா தாத்தா என்று கத்தினான். ஊரில் தன் அசிங்கத்தைத் தானே மைக் வைத்துச் சொன்ன கடைக்காரன் நான் ஒருவன்தான். இதை வேறு யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள். மறுநாள் சனம் வந்தது. சிம்மைப் போட்டுக்கொள்ள என்னிடம் பட்டன் போன் வாங்கிக்கொண்டு, புதுப் போன் வாங்க எதிர்க்கடைக்குப் போனது.

அந்த வாரமே அப்டேட்டை நிறுத்துகிற என் செட்டிங்கை நிறுத்தினேன். வந்தவர்களுக்கெல்லாம், கரண்டு இருக்கிற நேரமாகப் பார்த்து, நிறைய சார்ஜ் ஏற்றி, சொருகி வைத்து அப்டேட் போடச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டாக் ரூமில் இருந்த பழைய மாடல்களை எண்ணி ஓரம் கட்டினேன். பெட்டி பிரிக்காத போனுக்கும் வயது ஏறுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்டேட் எத்தனை வருடம் என்று கம்பெனி சொல்கிற கணக்கு, மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. நாம் விற்கிற நாளிலிருந்து இல்லை. கம்மி விலைப் போன் கேட்டு வருகிறவருக்கு நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், கேமராவை இல்லை. அந்த விவரத்தை எங்கே பார்ப்பது என்று ஆங்கிலம் தெரியாத நான், எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

காலேஜ் திறப்பதற்கு முன்னால் வசந்தாவும் சுகன்யாவும் மறுபடி வந்தார்கள். எதிர்க்கடைக்கு இல்லை, என் கடைக்கு. ஹாஸ்டலுக்குப் போகிற மகளுக்குப் போன் வேண்டும் என்றது வசந்தா. பழைய போனுக்குப் பதிலாக நான் சும்மாவே ஒன்று தருகிறேன் என்றேன். சும்மா வேண்டாம், பழையதைக் கழித்துக்கொண்டு கொடுங்கள் என்றது. பழைய போனைப் பெட்டியோடு மேஜையில் வைத்தது. 'ஆயுசுக்கும்' மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் இருந்ததில் நல்லதை எடுத்தேன். அதன் மாடல் வந்த மாதத்தைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, எவ்வளவு நாள் அப்டேட் வரும் என்று சொன்னேன். இரண்டரை வருடம். சுகன்யாவும் மனதுக்குள் எண்ணியது.

"படிப்பு நாலு வருசம் மாமா."

கடையில் வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. இரண்டரை வருடம் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் விற்றுவிடும். அப்படிச் சொல்லி ஆயிரம் போன் விற்றவன் நான். டி.வி.யில் எதிர்க்கடை தெரிந்தது. அவரிடம் நாலு வருடம் தாண்டுகிற மாடல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். கேமராவில் பார்த்திருந்தேன்.

"எங்கிட்ட நாலு வருசத்துக்கு இல்லம்மா. எதுத்த கடையில இருக்கு, போயி வாங்கிக்க."

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வசந்தா பழைய போனை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை என் பக்கம் தள்ளி, இத நீங்களே வச்சிக்கங்கண்ணே என்றது. இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். டி.வி.யை அணைத்தேன்.

கால் மணி நேரம் கழித்து சுகன்யா மட்டும் திரும்பி வந்தது. கையில் புதுப் பெட்டி. மேலே ஒன்றும் எழுதவில்லை. கூடவே டீச்சருடைய கறுப்பு மார்க்கர்.

"தேதி டீச்சர் சொல்லிட்டாங்க மாமா. ஆனா எழுதறது நீங்கதான் எழுதணுமாம். அம்மா சொல்லுது."

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க்கடை வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அந்த அம்மா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சுகன்யா மாதத்தையும் வருடத்தையும் சொன்னது. நான் மார்க்கரைத் திறந்தேன். நிழல் கொடுக்கவில்லை, வளைவு இழுக்கவில்லை. ஏழு ஏழாகவும் ஒன்று ஒன்றாகவும் தெரிகிற மாதிரி நிதானமாக எழுதி, மை காயும் வரை ஊதி, பெட்டியைப் பிள்ளை கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கடையை என் மகளிடம் விடுகிற வரைக்கும் நான் விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் தேதி எழுதித்தான் கொடுத்தேன். இந்த இரண்டு ஜில்லாவிலும் அவ்வளவு அழகான தேதி யாரும் எழுதியதில்லை. ஆனால் நான் எழுதிய முதல் தேதி, எதிர்க்கடை விற்ற பெட்டியில் இருக்கிறது.